நஞ்சுக்கொடி விழும்வரை கன்று காத்திருக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் அது இதுதான்: வீட்டில் இருக்கும் ஜெர்சி கலப்பினப் பசு இன்னும் மூன்று வாரத்தில் இரண்டாம் ஈற்றுக்குக் கன்று போட இருக்கிறது, தலையீற்றில் இரவு 11 மணிக்குப் பிறந்த கிடேரிக் கன்று, எழுந்து நின்று துள்ளிக்கொண்டிருந்த கன்று, ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சல் கண்டு ஒன்பதாம் நாள் போய்விட்டது, ஆகையால் இம்முறை எந்தக் கழிச்சல் மருந்தையும் எந்தப் பூச்சி மருந்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள். இதற்கு நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை மடியில் விட வேண்டும் என்று பாட்டி சொன்னதால், காலை 7 மணிக்குத்தான் விட்டோம் என்று. நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அந்த வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கொங்குப் பகுதிக் கிராமங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த புதிதில், கழிச்சலோடு துவண்டு கிடக்கும் கன்றைப் பார்த்தால் காய்ச்சல் இருக்கிறதா, சாணம் என்ன நிறம், எத்தனை நாளாகிறது என்று கேட்டுவிட்டு ஊசி போட்டு வந்துவிடுவேன். சில பிழைக்கும், சில பிழைக்காது. பிறந்து எத்தனை மணி நேரத்தில் சீம்பால் குடித்தது என்று முதலில் கேட்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கப் பல கன்றுகள் போக வேண்டியிருந்தது. கேட்கத் தொடங்கிய பிறகு, ஏறத்தாழ ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது: "விடிஞ்ச பிறகுதாங்க விட்டோம்."

இதன் காரணம் பசுவின் கருப்பை அமைப்பில் இருக்கிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகவே கருவில் இருக்கும்போது கிடைத்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடியில் அதற்கு வழி இல்லை; தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் நடுவில் உள்ள அடுக்குகளைத் தாண்டி அந்தப் பெரிய புரதங்கள் போக முடியாது. ஆகவே கன்று பிறந்து மண்ணில் விழும்போது, அதன் உடலில் நோயை எதிர்க்கும் புரதம் அநேகமாக ஒன்றுமே இருப்பதில்லை. தாய் தன் வாழ்நாளில் சந்தித்த நோய்களுக்கெல்லாம் உண்டாக்கி வைத்திருக்கும் எதிர்ப்பாற்றலை, ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களில் மடியில் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்புதான் சீம்பால்.

சேமிப்பு இருந்தால் போதாது, கன்று அதை எடுத்துக்கொள்ளவும் முடிய வேண்டும். புதிதாகப் பிறந்த கன்றின் சிறுகுடல், இந்தப் புரதங்களைச் செரித்துவிடாமல் முழுசாக இரத்தத்துக்குள் விடும். ஆனால் அந்த வழி பிறந்த நேரத்திலிருந்தே மூடத் தொடங்கிவிடுகிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் கொடுக்கும் பால்தான் மிகுந்த பயன் தரும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு உட்கிரகிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் வழி அடைந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை லிட்டர் சீம்பால் கொடுத்தாலும் அது நல்ல உணவு, குடலின் உட்புறத்துக்கு ஓரளவு காப்பு, அவ்வளவே, இரத்தத்துக்குள் போகாது. இன்னொன்றையும் கவனியுங்கள். பசியோடு காத்திருக்கும் கன்று சும்மா இருக்காது. சுவரை நக்கும், கயிற்றைச் சப்பும், சாணம் ஒட்டிய தாயின் தொடையை நக்கும். சீம்பால் உள்ளே போக வேண்டிய குடலுக்குள் முதலில் கிருமி போய்விடுகிறது. உங்கள் கன்று காத்திருந்தது எட்டு மணி நேரம்.

பாட்டி சொன்னதை நான் குறையாகச் சொல்லவில்லை. கொடி தொங்கிக்கொண்டிருக்கும்போது பின்பாகமும் மடியும் அழுக்காக இருக்கும். அந்த நிலையில் கன்றை விடாதே என்பது ஒருவேளை சுத்தம் கருதிப் பிறந்த பழக்கமாக இருக்கலாம். அந்தச் சுத்தத்துக்கு வழி காத்திருப்பது அல்ல, வெதுவெதுப்பான நீரால் மடியையும் காம்புகளையும் கழுவித் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீச்சுகளைக் கீழே விட்டுவிடுவது. கொடி சாதாரணமாக 12 மணி நேரத்துக்குள் விழும். அதுவரை கன்றைப் பட்டினி போட எந்தக் காரணமும் இல்லை. வாதாடாமல் பாட்டியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் பால் இறக்கும் சுரப்பு ஊறுகிறது, அதே சுரப்புதான் கருப்பையையும் சுருங்கச் செய்கிறது, ஆகையால் கன்றை விடுவது கொடி விழ உதவுமே தவிரத் தடுக்காது. இந்த ஒரு விளக்கத்துக்கு இணங்காத பாட்டியை நான் அதிகம் பார்த்ததில்லை. 12 மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கையால் இழுப்பதும், பழைய செருப்பையோ செங்கல்லையோ கட்டித் தொங்கவிடுவதும் கருப்பையைக் கிழித்துவிடக்கூடும். விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், அதனால் பால் பெருகாது என்றாலும் நாய் தின்னாமல் இருப்பதற்காவது அது பயன்படுகிறது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பது அதைவிட நல்லது.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு எளிய கணக்கு, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஜெர்சி கலப்பினக் கன்று பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். ஆகவே முதல் 12 மணி நேரத்துக்குள் 2 முதல் 2.5 லிட்டர் வரை போய்ச்சேர வேண்டும். அதில் 1 முதல் 1.5 லிட்டர் முதல் இரண்டு மணி நேரத்துக்குள், மிச்சம் ஆறு மணி நேரம் வாக்கில். எங்கள் பழைய பாடங்களில் இதை நாள் முழுக்க மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்வார்கள்; இப்போதைய நடைமுறை, விரும்பிக் குடிக்கும் அளவுக்கு முதல் வேளையிலேயே கூடுதலாகக் கொடுத்துவிடுவது. மேலே சொன்ன காரணத்தால் எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

கன்றை மடியில் விட்டுவிட்டால் போதுமா, கறந்து அளந்து கொடுக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒருமுறை மார்கழி இரவில் ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பிறந்து முக்கால் மணி நேரத்தில் எழுந்த கன்று, தாயின் முன்னங்கால் இடுக்கில் முட்டியது, நெஞ்சில் முட்டியது, பின்னங்காலுக்குப் பின்னால் போய் வாலைச் சப்பியது. மடி சற்றுத் தொங்கிய பசு. கன்று தலையை மேல்நோக்கியே தேடிக்கொண்டிருந்ததால் காம்பு அதன் வாய்க்குக் கீழேயே இருந்தது. வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தபடி "குடிச்சிருச்சுங்க" என்றார். நான் டார்ச்சை அடித்துப் பார்த்தபோது நான்கு காம்பும் காய்ந்திருந்தன. கன்று மடியில் நிற்பதும் குடித்திருப்பதும் வேறு வேறு. ஆகவே பக்கத்தில் இருந்து காம்பை வாயில் கொடுங்கள். வாயோரம் நுரை தள்ளிப் பால் இறங்கும் சத்தம் கேட்க வேண்டும். அரை மணி நேரத்தில் அப்படிக் குடிக்கவில்லை என்றால் கறந்து, கொதிநீரில் கழுவிய பால்புட்டியில் ஊற்றி, உடல் சூட்டோடு கொடுங்கள். நாட்டுப் பசு என்றால் கன்று முட்டாமல் பால் சுரக்காது என்பதால் கறப்பதே கடினம். உங்களுடைய ஜெர்சி கலப்பு என்பதால் அந்தச் சிக்கல் குறைவு. புட்டியோ பாத்திரமோ எதுவானாலும், தலையை அண்ணாத்திப் பிடித்து மூங்கில் குழாயால் புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் பால் போனால், கழிச்சலிலிருந்து காப்பாற்றப் போய் சளிக்காய்ச்சலுக்குப் பறிகொடுப்போம்.

முதல் நான்கைந்து நாள் பாலைச் சொசைட்டியில் ஊற்ற மாட்டார்கள், காய்ச்சினால் திரிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்தப் பாலைக் கன்றுக்குக் கொடுப்பதில் பண நட்டம் எதுவும் இல்லை. போட்டி வேறு இடத்திலிருந்து வருகிறது: வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைக்கும் சீம்பால். நானும் அதற்கு அடிமைதான். ஆனால் முதல் கறவைப் பால்தான் அழகாக இறுகும் என்று நம் வீடுகளில் சொல்வதன் பொருள், அதில்தான் புரதம் மிக அதிகம் என்பது. தட்டில் கட்டியாக நிற்பதில் கன்றுக்குப் போக வேண்டிய எதிர்ப்புப் புரதமும் சேர்ந்தே நிற்கிறது. இதே காரணத்தால் கன்றுக்குக் கொடுக்கும் சீம்பாலை அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது. ஆறிவிட்டால், கை தாங்கும் சூடுள்ள வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து இளக்க வேண்டும். தெருவில் வேறு யாருடைய பசுவாவது இந்த மூன்று வாரத்துக்குள் கன்று போட்டால், மிஞ்சும் முதல் நாள் சீம்பாலில் 1 லிட்டரைக் கேட்டு வாங்கி ஃப்ரீசரில் உறைய வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் கெடாது. பசுவுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் அதைவிடப் பெரிய மருந்து இல்லை. சீம்பாலுக்குப் பதிலாக ஒரு முட்டை, 300 மில்லி தண்ணீர், 600 மில்லி பால், அரைத் தேக்கரண்டி விளக்கெண்ணெய் கலந்து கொடுக்கும் கலவையைப் பலர் சொல்வார்கள். அது உணவாகும், மலத்தை இளக்கும். எதிர்ப்பாற்றல் அதில் வராது.

இந்த மூன்று வாரத்தில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இன்னும் கறந்துகொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே வற்ற விட்டிருக்க வேண்டும். சினைப்பசுவைச் சந்தையில் வாங்கி வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பசு கடைசி ஒரு மாதமாவது கன்று பிறக்கப்போகும் அதே தொழுவத்தில் இருந்தால்தான் அங்குள்ள கிருமிகளுக்கு எதிரான ஆற்றல் அதன் சீம்பாலில் சேரும். உங்கள் பசு வீட்டிலேயே இருப்பதால் அந்தக் கவலை இல்லை. கன்று போடும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். போன கன்று கழிந்து கிடந்த மூலையில் இந்தக் கன்றைக் கட்டவே கட்டாதீர்கள். கழிச்சலை உண்டாக்கும் சில கிருமிகள் ஈரமான தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பழைய படுக்கையை வாரி எறிந்து, சுரண்டிக் கழுவி, நல்ல வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடியுங்கள். புதிதாக வைக்கோல் பரப்பிய பிறகு அதில் நீங்களே முழங்காலிட்டு ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். வேட்டி நனைந்தால் கன்றும் நனையும். மூக்கில் மூத்திர நெடி ஏறினால் கன்றின் மூச்சிலும் அது ஏறும்.

பிறந்தவுடன் வாயிலும் மூக்கிலும் உள்ள கோழையைத் துணியால் வழித்துவிட்டுத் தாயை நக்க விடுங்கள். மூச்சு விடத் தயங்கினால் மூக்குத் துவாரத்தில் வைக்கோல் துரும்பை விட்டுக் கிளறுங்கள், விலாவை வைக்கோலால் அழுத்தித் தேயுங்கள். தாய் நக்காவிட்டால் கன்றின் மேல் கொஞ்சம் தவிடும் உப்பும் தூவினால் நக்கத் தொடங்கும். தொப்புள் கொடியை ஒரு சிறிய டம்ளரில் ஊற்றிய டிங்சர் அயோடினுக்குள் முழுதாக முக்கி எடுங்கள். பஞ்சால் தொடுவது போதாது. முதல் நாள் இரண்டு மூன்று முறையும், காயும் வரை தினம் ஒரு முறையும் செய்ய வேண்டும். இரத்தம் கசிந்தால் மட்டும் வயிற்றிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு, அயோடினில் நனைத்த நூலால் கட்டுங்கள். சாணச் சாம்பலும் மண்ணும் வேண்டாம், அவற்றில் இசிவு நோய்க் (டெட்டனஸ்) கிருமி இருக்கலாம். மஞ்சள் வைப்பதில் கேடில்லை. அயோடினுக்கு அது ஈடுமில்லை. முதல் நாளிலேயே கருமஞ்சளாகப் பிசின்போல முதல் சாணம் வெளியேற வேண்டும். சீம்பாலே அதை இளக்கிவிடும்.

இனி நீங்கள் கேட்ட மருந்து. போன கன்று எதனால் இறந்தது என்று சாணத்தைப் பரிசோதிக்காமல் இப்போது யாரும் சொல்ல முடியாது; சொல்பவர்களை நம்ப வேண்டாம். வயதை வைத்து ஊகிக்கலாம். பிறந்த மூன்று நான்கு நாளுக்குள் வரும் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகை காரணமாகும். ஒரு வாரம் வாக்கில் வருவதற்கு ரோட்டா வைரஸும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஓரணு உயிரியும் அடிக்கடி காரணமாகின்றன. உங்களுடையது ஏழாம் நாள் தொடங்கியதால் பின்னதாக இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். இவ்விரண்டையுமே வழக்கமான ஆன்டிபயாடிக் ஊசி கொல்லாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: எந்தக் கிருமியானாலும், கழியும் கன்று பெரும்பாலும் உயிரை விடுவது உடலின் நீரும் உப்பும் வற்றி, இரத்தத்தில் அமிலம் ஏறித்தான். ஆகையால் வாங்கி வைக்க வேண்டிய முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனிதர்களுக்குக் கொடுப்பதே முதலுதவிக்குப் போதும். கழிச்சல் கண்ட அன்றே, ஒரு பொட்டலத்தை 1 லிட்டர் காய்ச்சி ஆற்றிய நீரில் கரைத்து, இரண்டு பால் வேளைகளுக்கு நடுவே நாளைக்கு இரண்டு மூன்று முறை கொடுங்கள். பாலோடு கலக்காதீர்கள், பாலை நிறுத்தவும் செய்யாதீர்கள். பாலை நிறுத்திப் பட்டினி போட்டால் கழிச்சல் குறைந்தது போலத் தெரியும், கன்று சோர்ந்து விழும்.

எதுவரை வீட்டில் பார்க்கலாம் என்பதற்கு, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். உடனே படிந்தால் நல்லது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றாலோ, கண் குழிக்குள் இறங்கியிருந்தாலோ மருத்துவர் வர வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்து, விரலைச் சப்பவில்லை என்றால் வாய்வழி நீர் இனி உதவாது, நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அதில் அரை நாள் தாமதம்கூட உயிரைக் கொண்டு போகும். சாணத்தில் இரத்தம் வந்தாலும், 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தாலும் மருத்துவரை அழையுங்கள். மனிதர்களுக்கான கழிச்சல் நிறுத்தும் மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பூச்சி மருந்தைப் பொறுத்தவரை, ஏழாம் நாள் கழிச்சலுக்கு உருண்டைப்புழு காரணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு, ஏனெனில் தாய்ப்பால் வழியாக வரும் அந்தப் புழு குடலில் வளர்ந்து தொல்லை தர மூன்று வாரமளவு ஆகும். ஆனாலும் 10 முதல் 14 நாளுக்குள் முதல் குடற்புழு நீக்கம் அவசியம், எருமைக் கன்றுக்கு இன்னும் அவசியம். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது வழக்கம். எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை உங்கள் மருத்துவர் கன்றின் எடையைப் பார்த்துச் சொல்லட்டும். பார்க்காத கன்றுக்கு அளவு எழுத நான் விரும்பவில்லை.

பிறகு வருவன எளியவை. முதல் வாரத்திலிருந்தே சுத்தமான தண்ணீர், இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி கன்றுத் தீவனமும் இளம்புல்லும், மண் தின்னப் பழகினால் வாய்க்கூடை. கருத்து வேறுபாடு உள்ள இடம் தினமும் கொடுக்கும் பாலின் அளவுதான். எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது நெடுநாள் கணக்கு. அது குறைவு, கூடுதலாகக் குடிக்கும் கன்று விரைவில் பருவத்துக்கு வருகிறது என்பவர்கள் இப்போது அதிகம். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் பால் காசில் குடும்பம் நடத்தும் வீட்டுக்கு அதை அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் ஒரு மாதமாவது பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகாதீர்கள் என்பேன். அது காளைக்கன்றாகப் பிறந்தாலும் இதையே சொல்வேன். சீம்பாலில் ஓரவஞ்சனை செய்யப்பட்ட காளைக்கன்று கழிந்து கிடந்தால், அந்தக் கிருமி அடுத்துப் பிறக்கும் கிடேரிக்குத்தான் வரும்.

கன்று பிறக்கும் இரவில் ஒரு சாக்பீஸை எடுத்துத் தொழுவத்துச் சுவரில் பிறந்த நேரம், முதலில் குடித்த நேரம், குடித்த அளவு, கொடி விழுந்த நேரம் நான்கையும் எழுதி வையுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வருகிறவர் கேட்காவிட்டாலும் அந்தச் சுவரை அவருக்குக் காட்டுங்கள். சீம்பால் கேட்டு வரும் அக்கம்பக்கத்தாருக்கு இரண்டாம் நாள் மாலைக் கறவையிலிருந்து கொடுக்கலாம். கொஞ்சம் இளகலாகத்தான் இறுகும், முட்டை ஒன்று அடித்துச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று பாட்டிக்கே தெரிந்திருக்கும்.